பொடி போன வழி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்து, வைகாசி மாதம், ஒரு வியாழக்கிழமை. மல்லசமுத்திரத்துப் பக்கத்துக் கிராமமொன்றிலிருந்து திருச்செங்கோட்டுக்கு வந்திருந்த ராமாயி என்ற பெண், கம்பவுண்டர் தோமினிக் மடித்துக் கொடுத்த மருந்துப் பொட்டலங்களைக் கையில் வாங்காமல் மேஜைமேலேயே விட்டுவிட்டாள்.

அவளுக்கு மூன்றாவது மாதம். தண்ணீர் குடித்தால்கூடக் குமட்டி வெளியே வந்துவிடுகிறது. கண் உள்ளே போயிருந்தது. டாக்டர் வெள்ளியங்கிரி அவளைப் பார்த்துவிட்டுச் சீட்டில் எழுதியிருந்தது சீரியம் ஆக்சலேட். பிள்ளைத்தாய்ச்சிகளின் வாந்திக்கு அந்த நாளில் எல்லா டாக்டர்களும் எழுதிய மருந்துதான். அரிசி மாவைப் போல வெள்ளையாக, ருசியும் வாசனையும் இல்லாமல் இருக்கும். வேளைக்கு ஐந்து கிரெயின். ஒரு கிரெயின் என்பது ஏறக்குறைய ஒரு கோதுமை மணியின் எடை.

"இது என்னத்துலீங்க செய்யறது? வேருங்களா, தழைங்களா?" என்று கேட்டாள் ராமாயி.

"வேருமில்லை, தழையுமில்லை அம்மணி. மண்ணுல கிடைக்கிற ஒரு உலோகம். கல்யாணத்துக்குக் காஸ் லைட் கட்டுறாங்களே, அதுல வலை மாதிரி ஒண்ணு வெள்ளையா எரியுதே, அந்த வலையிலகூட இது கொஞ்சம் சேருது."

அவள் பொட்டலத்தைப் பார்த்தாள். பிறகு தோமினிக்கைப் பார்த்தாள்.

"ஏனுங்க, உள்ள போனா இது எங்கீங்க போவுது?"

"வயித்துக்குப் போகுது."

"வவுத்துலிருந்து?"

 பதினாறு வருஷமாகத் தோமினிக் இந்தப் பொடியை நிறுத்து மடித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை.

"கொளந்தைக்குப் போயிருமுங்களா?"

தோமினிக் உள்ளே போய் டாக்டரிடம் கேட்டார். டாக்டர் புத்தக அலமாரியைத் திறந்து இரண்டு புத்தகங்களைப் புரட்டினார். ஒன்றில் வயிற்றின் உட்சுவரில் பூசினாற்போல் படிந்து குமட்டலை அடக்குகிறது என்றிருந்தது. இன்னொன்றில் எப்படி வேலை செய்கிறது என்று தெரியவில்லை என்று போட்டிருந்தது. எங்கே போகிறது என்று இரண்டிலும் இல்லை. "கெடுதல் இல்லைன்னு சொல்லப்பா" என்றார் டாக்டர்.

தோமினிக் வந்து அப்படியே சொன்னார்.

"எங்க போவுதுன்னே தெரியாதத நான் எப்படீங்க திங்கறது? தெரிஞ்சா சொல்லியனுப்புங்க, வாரேன்" என்று சொல்லிவிட்டு ராமாயி எழுந்தாள். அவள் குரலில் கோபம் இல்லை. சந்தையில் ஒரு பொருளை விசாரித்துவிட்டுப் போகிறவளைப் போலப் போய்விட்டாள்.

தோமினிக் சேலம் டவுனில் பிறந்தவர். அப்பா மாதா கோயிலில் மணி அடிப்பவர். பாதிரியார் ஒருவரின் சிபாரிசில் ஆஸ்பத்திரி வேலை கற்று, இருபதாவது வயதில் திருச்செங்கோட்டுத் தர்ம ஆஸ்பத்திரிக்கு வந்தார். எட்டாவதோடு நின்ற படிப்பு. ஆனால் தராசில் அவர் கை பிசகியதில்லை. ஊர்க்காரர்கள் டாக்டரை நம்பினார்களோ இல்லையோ, தோமினிக் கலக்கிக் கொடுத்த மருந்து மிக்சரை நம்பினார்கள்.

அன்றிலிருந்து ராமாயியின் கேள்வி அவரை விடவில்லை. அதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. நான்கு வருஷத்துக்கு முன்னால் அவர் மனைவி இன்னாசிமேரிக்கு வயிற்றில் இருந்த பிள்ளை ஏழாவது மாதத்தில் உயிரில்லாமல் பிறந்தது. முதல் மாதங்களில் வாந்தி என்று அவருக்கே உரிய அக்கறையோடு இதே பொடியை நிறுத்து மடித்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் மருந்துகள் கலப்படமா என்று பார்க்கும் முறைகளைச் சொல்லும் தடித்த புத்தகம் ஒன்று இருந்தது. அட்டை போய், நடுவில் கரையான் தின்றிருந்தது. சீரியத்துக்கு உரிய பக்கம் தப்பியிருந்தது. பொடியை எரித்துச் சாம்பலாக்கி, அதைக் கடும் அமிலத்தில் காய்ச்சிக் கரைத்து, காதுச் சீழுக்கு விடுகிற நுரை மருந்தான பெராக்சைடையும், மயக்கம் போட்டவர்களுக்கு முகரக் கொடுக்கிற அமோனியாவையும் விட்டால், சீரியம் இருக்குமிடத்தில் ஆரஞ்சு மஞ்சளாக நிறம் கண்டு அடியில் படியும். இல்லாவிட்டால் நிறம் வராது.

மூன்றும் அவருடைய அலமாரியிலேயே இருந்தன. ஸ்பிரிட் விளக்கை ஏற்றி ஒரு சிட்டிகைப் பொடியைச் சோதித்தார். கண்ணாடிக் குழாயின் அடியில் செவ்வாழைப் பழத்தின் சதையைப் போன்ற நிறம் வந்து படிந்தது. சரி, ஒளிந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது.

யாருக்குக் கொடுத்துச் சோதிப்பது? நோயாளிகளிடம் கேட்க முடியாது. தாமே சாப்பிடுவது என்று தீர்மானித்தார். வேளைக்கு ஐந்து கிரெயின், நாளைக்கு மூன்று வேளை, மூன்று நாள். ஆக நாற்பத்தைந்து கிரெயின். உள்ளே போனது எந்த வழியாக வெளியே வந்தாலும் பிடித்துவிட வேண்டும் என்று இரண்டு மண்சட்டிகளை வாங்கி வீட்டுக் கொல்லையில் கள்ளிவேலி ஓரமாக வைத்தார். ஒன்று சிறுநீருக்கு, ஒன்று மற்றதற்கு.

இரண்டாம் நாளே இன்னாசிமேரி பார்த்துவிட்டாள்.

"இது என்னங்க கண்றாவி? மூடி போட்டு வேற வச்சிருக்கீங்க!"

"தொடாதே மேரி. அது கணக்கா இருக்கணும்."

"கணக்கா? யாருகிட்ட ஒப்படைக்கப் போறீங்க?"

தோமினிக் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. ராமாயி கேட்டதைச் சொன்னார். டாக்டரின் புத்தகங்களைச் சொன்னார். பிறகு, சொல்ல வேண்டாம் என்று நினைத்திருந்ததும் வாயில் வந்துவிட்டது. "உனக்கும் நான்தானே கொடுத்தேன். அது பிள்ளைக்குப் போயிருக்குமோன்னு..." என்று இழுத்து நிறுத்தினார்.

இன்னாசிமேரி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"நாலு வருஷமா இதையா மனசுல வச்சிருந்தீங்க?"

அவர் சட்டியின் மூடியைச் சரியாக வைத்தார்.

"அந்தப் பொடிய நான் திங்கவே இல்லீங்க. நாக்குல போட்டா மண்ணு மாதிரி நறநறன்னுச்சு. நீங்க ஆசையா மடிச்சுக் கொண்டாந்து குடுத்தீங்களேன்னு வாங்கி வாங்கி அடுப்புச் சாம்பல்ல கொட்டிட்டேன். வாந்தி நின்னுச்சான்னு கேப்பீங்க. நின்னுச்சுன்னு சொல்லுவேன்."

தோமினிக் கொல்லைப்படியில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு வந்தது. கண்ணிலும் தண்ணீர் வந்தது. அவள் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். 

"அப்ப இந்தச் சட்டிய எடுத்துக் கொட்டிரலாமா?" என்றாள் அவள்.

"வேண்டாம்" என்றார் தோமினிக் சட்டென்று. பயம் போய்விட்டது. ஆனால் பொடி எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசை போகவில்லை. அது அவருக்கே வியப்பாக இருந்தது.

சட்டிகளில் இருந்ததை வற்றவைத்து எரித்துச் சாம்பலாக்க நான்கு நாளாயிற்று. ஊருக்கு வெளியே, ஒரு பாறைக்குப் பின்னால் அடுப்பு மூட்டினார். அந்த வழியாக ஆடு ஓட்டிப் போனவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். கம்பவுண்டர் ரசவாதம் செய்கிறார், தங்கம் பண்ணப் போகிறார் என்று ஒரு பேச்சும் கிளம்பியது.

சாம்பலைக் கரைத்து மருந்துகளை விட்டதும் குழாய் முழுக்கப் பழுப்பாகிவிட்டது. மலத்துச் சாம்பலில் பழுப்பு. சிறுநீர்ச் சாம்பலிலும் லேசான பழுப்பு. அப்படியானால் ரத்தத்தில் கலந்துதானே சிறுநீருக்கு வந்திருக்க வேண்டும்? அவர் ஒரு நாள் முழுவதும் குழம்பினார். பிறகு சந்தேகம் வந்து, கசாப்புக் கடையிலிருந்து ஒரு துண்டு ஆட்டு ஈரலை வாங்கி எரித்துப் பார்த்தார். சீரியத்தைக் கண்ணாலும் கண்டிராத ஆடு. அதன் ஈரலும் பழுப்பாகவே வந்தது.

இரும்பு! ரத்தத்தில் இரும்பு இருக்கிறது, தின்கிற கீரையில் இருக்கிறது. அமோனியா பட்டால் அதுவும் துருநிறத்தில் படிகிறது. சீரியத்தின் மஞ்சளை இரும்பின் பழுப்பு மறைத்துக்கொண்டு நிற்கிறது. இரண்டையும் பிரிக்க வழி தெரியாமல் சட்டிச் சாம்பலைக் காகிதத்தில் மடித்து வைத்துவிட்டார்.

ஆஸ்பத்திரித் துணிகளை வெளுப்பவர் பொன்னன் என்பவர். திங்கட்கிழமை தோறும் வந்து அழுக்குத்துணி எடுப்பார். கட்டில் கம்பியின் துருக்கறை படிந்த விரிப்புகளுக்காகத் தோமினிக்கிடம் ஆக்சாலிக் அமில உப்பு கொஞ்சம் வாங்கிப் போவார். அந்தத் திங்கட்கிழமையும் கேட்டார்.

"இதப் போட்டா துரு என்ன ஆகுது பொன்னா?" என்றார் தோமினிக். கேள்வி கேட்கும் பழக்கம் அவரையும் பிடித்துக்கொண்டிருந்தது.

"தண்ணியில கரைஞ்சு போயிருதுங்க. துணி வெள்ளையாயிரும். தண்ணிதான் மஞ்சளா ஓடும்."

தோமினிக் உப்பை நிறுத்துக்கொண்டிருந்த கையை அப்படியே நிறுத்தினார். ஆக்சாலிக் அமிலத்தில் இரும்பு கரைந்துவிடுகிறது. சீரியம்? தாம் விழுங்கிய பொடியே சீரியமும் ஆக்சாலிக் அமிலமும் சேர்ந்ததுதான், அது தண்ணீரில் கரையாமல் அடியில் கிடக்கிற சாதி. அப்படியென்றால் துணித்துருவை எடுப்பதுபோல இரும்பைக் கழுவி வெளியேற்றிவிடலாம். சீரியம் மட்டும் அடியில் தங்கும்.

பொன்னனுக்கு அன்று வழக்கத்தைவிட இருமடங்கு உப்பு கிடைத்தது. எதற்கென்று அவருக்குப் புரியவில்லை.

மலத்துச் சாம்பலை மறுபடி கரைத்து, ஆக்சாலிக் அமிலம் விட்டார். வெள்ளைப் படிவு அடியில் இறங்கியது. அதை எரித்து நிறுத்துப் பார்த்தால் இருபத்தாறு கிரெயின். கணக்குப் போட்டால் அவர் விழுங்கிய நாற்பத்தைந்து கிரெயின் பொடியை எரித்தால் இருபத்தொன்றுதான் மிஞ்ச வேண்டும். தின்றதைவிட அதிகமாக வெளியே வந்திருந்தது!

இன்னாசிமேரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "போட்டது இருபத்தொண்ணு, எடுத்தது இருபத்தாறு. உங்களைக் கட்டிக்கிட்டதுக்கு இப்பத்தான் ஆதாயம்."

பிறகு அவளே அவர் வாயைப் பார்த்துச் சொன்னாள்: "நாளு பூரா வெத்தலை போடறீங்களே, அந்தச் சுண்ணாம்பு எங்க போகும்?"

அதுதான். சுண்ணாம்பும் ஆக்சாலிக் அமிலத்தோடு சேர்ந்து வெள்ளையாகப் படியும். எரித்ததை மறுபடி அமிலத்தில் கரைத்து அமோனியா விட்டதும் சீரியம் படிந்து, சுண்ணாம்பு தண்ணீரிலேயே நின்றுவிட்டது. தண்ணீரை இறுத்துவிட்டுப் படிவைக் கழுவி, எரித்து, நிறுத்தார். பத்தொன்பதரை. தராசை மூன்று தடவை சரிபார்த்தார். பத்தொன்பதரைதான். மிச்சம் ஒன்றரை, சட்டியிலும் வடிகட்டிய துணியிலும் ஒட்டிப் போயிருக்கும். சிறுநீர்ச் சாம்பலை அதே வழியில் சுத்தம் செய்து பார்த்தபோது துளி மஞ்சளும் இல்லை.

வாய்வழியே போன பொடி குடலில் ஒட்டாமல், ரத்தத்தில் சேராமல், பஸ் ஏறிய பிரயாணியைப் போல மறுமுனையில் இறங்கிவிட்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்ததும் தோமினிக் சைக்கிளை எடுத்துக்கொண்டு ராமாயியின் ஊருக்குப் போனார். அவள் வீட்டு வாசலில் நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். முகம் தெளிந்து, கன்னத்தில் சதை போட்டிருந்தது.

"தெரிஞ்சு போச்சு அம்மணி. பொடி உடம்புல சேர்றதில்ல. குழந்தைக்கும் போகாது. அப்படியே வெளிய வந்துருது."

"எப்படீங்க கண்டுபிடிச்சீங்க?"

தோமினிக் முடிந்தவரை நாகரிகமாகச் சொன்னார். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ஆனாலும் முழுவதையும் கேட்டாள்.

"எனக்கு வாந்தி நின்னு பத்து நாளாச்சுங்க. தானா நின்னு போச்சு" என்றாள். பிறகு ஒரு கடலையை உடைத்துக்கொண்டே, "உள்ளயே சேராதது எப்படீங்க வாந்திய நிறுத்தும்?" என்று கேட்டாள்.

 தெரியாது என்று தோமினிக் ஒத்துக்கொண்டார். அவள் ஒரு படி கடலையை அவர் துண்டில் கட்டிக் கொடுத்தாள். கார்த்திகையில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்ததாகப் பிறகு தகவல் வந்தது.

டாக்டர் வெள்ளியங்கிரி முழுக் கதையையும் கேட்டார். சிரிக்கவில்லை. மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்து வைத்தார். உள்ளே ஆறு கண்ணாடி ஆம்பூல்கள்.

"மெட்ராஸ்லிருந்து ஒரு மருந்துக் கம்பெனி ஆள் வந்தான். க்ஷயத்துக்குப் புது ஊசியாம். சாம்பிள் கொடுத்துட்டுப் போயிருக்கான். உள்ள என்ன இருக்கு பாரு."

தோமினிக் துண்டுக்காகிதத்தைப் படித்தார். சீரியமும் அதன் பங்காளி உலோகங்களும். கரையும் உப்பாக, நேரே ரத்தக்குழாயில் ஏற்றுவதற்கு.

"தறிக்காரர் செங்கோட்டையனுக்குப் போடலாமான்னு இருக்கேன். நாளுக்கு நாள் இளைச்சுக்கிட்டே போறாரு. வாய்வழியா போனா வெளிய வந்துருதுன்னு நீ சொல்ற. ரத்தத்துல ஏத்தினா எங்கப்பா போகும்?"

"தெரியலீங்க" என்றார் தோமினிக். பிறகு, "எங்க வீட்டுல கோழி இருக்குதுங்க" என்றார்.

கோழிகள் இன்னாசிமேரியுடையவை. அவள் முட்டை விற்று வைத்திருந்த சொந்தச் சம்பாத்தியம். தோமினிக் தயங்கித் தயங்கிக் கேட்டார். அவள் நான்கு கோழிகளை ஒதுக்கிக் கொடுத்தாள். ஒரே ஒரு நிபந்தனை: தானும் கூட இருந்து எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்.

காலில் நூல் கட்டி அடையாளம் வைத்தது அவள்தான். வெள்ளை நூல் கட்டிய கோழிக்கு ஒன்றும் கொடுப்பதில்லை. ஆட்டு ஈரல் கற்றுக்கொடுத்த பாடம் அது. சிவப்பு நூல் கட்டியது பத்து நாள் கேழ்வரகு உருண்டையில் பொடியைத் தின்றது. கறுப்பு நூலும் நீல நூலும் கட்டிய இரண்டுக்கும் இறக்கையின் அடியில் ஓடும் நரம்பில் ஊசி. இன்னாசிமேரி கோழியை மடியில் அமுக்கிப் பிடித்துக் கண்ணை மூடிக்கொள்வாள். ஒன்றுவிட்டு ஒரு நாள், தடவைக்கு அரை ஆம்பூல் என்று நான்கு தடவை போட்டார்கள்.

கடைசி ஊசி போட்ட நாலாம் நாள் வெள்ளை, சிவப்பு, கறுப்பு மூன்றையும் அறுத்தார்கள். ஈரல் தனியாக, தொடை எலும்பு தனியாக, சதை தனியாக எரித்துச் சாம்பலாக்கி, பொன்னனின் உப்பால் இரும்பைப் போக்கிச் சுத்தம் செய்து, குழாய்களை ஜன்னல் விளிம்பில் வரிசையாக நிறுத்தினார் தோமினிக்.

வெள்ளையில் ஒன்றும் இல்லை. பொடி தின்ற சிவப்பின் ஈரலிலும் எலும்பிலும் ஒன்றும் இல்லை. கறுப்பின் சதையில் நிறமே தெரியவில்லை. அதன் எலும்புச் சாம்பலில் தெளிவான மஞ்சள். ஈரலிலோ, அடர்ந்த ஆரஞ்சு.

"ஈரல் போய்ப் பிடிச்சு வச்சிருக்குதே" என்றாள் இன்னாசிமேரி மெதுவாக.

கறுப்புக் கோழிக்கு ஊசி போட்ட நாட்களில் அதன் எச்சத்தைத் தினமும் சேர்த்து வைத்திருந்தார்கள். அதில் மிகச் சிறிதளவே வந்திருந்தது. வாய்வழியே போனால் ஏறக்குறைய எல்லாம் வெளியே. ரத்தத்தில் போனால் ஏறக்குறைய எல்லாம் உள்ளே. ஒரே உலோகம். நுழைந்த வாசல்தான் வேறு. தோமினிக் அந்தக் குழாய்களின் முன்னால் நின்றுகொண்டே மத்தியானச் சாப்பாட்டை மறந்துவிட்டார்.

நீல நூல் கட்டிய கோழியை இரண்டு மாதம் கழித்து அறுப்பதாக ஏற்பாடு. நாளானால் ஈரலில் இருப்பது குறைகிறதா என்று பார்க்க வேண்டும். ஆனால் அது முட்டையிட ஆரம்பித்தது.

"இந்த முட்டைய என்னங்க பண்றது?" என்று இன்னாசிமேரி கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

தோமினிக் அதை யோசிக்கவே இல்லை.

"அந்தப் பொண்ணு என்ன கேட்டா? புள்ளைக்குப் போகுமான்னுதானே கேட்டா?" என்றாள் அவள். "கோழிக்குப் புள்ளை இதுதான்."

ஆறு முட்டை சேரும்வரை காத்திருந்தார்கள். வெள்ளைக்கரு, மஞ்சள்கரு, ஓடு என்று பிரித்து எரித்தார்கள். வெள்ளைக்கருவில் ஒன்றுமில்லை. ஓட்டில் சுண்ணாம்பு அதிகமாக இருந்ததால் உறுதியாக ஒன்றும் சொல்ல முடியவில்லை. மஞ்சள்கருவின் சாம்பலில், வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் மட்டும் தெரிகிற அளவுக்கு, மஞ்சள் நிறம் இறங்கியிருந்தது.

இன்னாசிமேரி அந்தக் குழாயைக் கையில் வாங்கிக்கொண்டு போய் முற்றத்து வெயிலில் நின்று பார்த்தாள். திரும்பி வந்து கொடுத்தாள். அன்று மாலை நீலக் கோழியைத் தனிக் கூடையில் அடைத்தாள். இனி அதை அறுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். தோமினிக்கும் வற்புறுத்தவில்லை.

குழாய்களை எல்லாம் ஒரு மரப்பெட்டியில் பஞ்சு வைத்து அடுக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டாக்டர் நம்பாமல், கறுப்பின் ஈரல் சாம்பலில் மிச்சமிருந்ததைத் தம் கையாலேயே ஒருமுறை சோதித்தார். நிறம் வந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டு, "ஈரல்ல போய் உட்கார்ந்து என்ன செய்யும்னு தெரியாம மனுஷனுக்குப் போட முடியாதப்பா" என்றார். மீதி இருந்த இரண்டு ஆம்பூல்களும் கம்பெனிக்காரனுக்குத் திரும்பிப் போயின.

செங்கோட்டையன் மறு வருஷம் ஆடியில் இறந்துபோனார். ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பாரோ என்ற எண்ணம் தோமினிக்கைப் பல நாள் குடைந்தது. ஒருநாள் டாக்டரிடம் கேட்டும்விட்டார். "எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. தெரியாததத் தெரியும்னு சொல்லிப் போடலியே, அதுவரைக்கும் சரி" என்றார் டாக்டர். அந்தப் பதில் தோமினிக்குக்கு முழு ஆறுதலாக இருக்கவில்லை. இருந்தாலும் அதைவிட நல்ல பதில் அவருக்கும் கிடைக்கவில்லை.

டாக்டர் இந்த விவரங்களை எல்லாம் எழுதிச் சென்னையில் தம்முடைய பழைய ஆசிரியருக்கு அனுப்பினார். மூன்று மாதம் கழித்து ஒரு தபால் கார்டு வந்தது. கோழிகளின் எண்ணிக்கை போதாது, எடைகள் சரியாகக் குறிக்கப்படவில்லை, எனினும் சுவாரசியமானது, வாத்துகளை வைத்து மேலும் செய்து பார்க்கலாம் என்றிருந்தது. "நான் வாத்துக்கு எங்க போவேன்?" என்றார் தோமினிக். ஆனால் 'சுவாரசியமானது' என்ற இடத்தை இன்னாசிமேரியிடம் இரண்டு தடவை படித்துக் காட்டினார்.

நீலக் கோழியின் முட்டைகளை மாதம் ஒருமுறை சேர்த்துச் சோதித்து வந்தார்கள். நாலாம் மாதத்துக்குப் பிறகு மஞ்சள்கருவில் நிறம் வருவது நின்றது. அப்புறமும் இன்னாசிமேரி அந்த முட்டைகளை விற்கவில்லை, சமைக்கவும் இல்லை. கொல்லையில் புதைத்துவிடுவாள். அக்கம்பக்கத்தார் அவளுக்கு ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அந்தக் கோழி நோய் நொடி இல்லாமல் மூன்றரை வருஷம் இருந்தது. முப்பத்தொன்பதாம் வருஷம் தை மாதம் ஒரு காலையில் கூடைக்குள் செத்துக் கிடந்தது. அன்று ஊரில் காலரா ஊசி போடும் நாள். தோமினிக் விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டிருந்தார். இன்னாசிமேரி அவருக்குச் சொல்லியனுப்பவில்லை. தானே ஈரலையும் தொடை எலும்பையும் எடுத்து எரித்தாள். இத்தனை வருஷத்தில் எந்தக் குழாய்க்குப் பின் எந்தக் குழாய் என்று அவளுக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. அமிலம் கையில் தெறித்துவிடாமல் ஈரத்துணி சுற்றிக்கொண்டாள். ஆறவைத்து, வடிகட்டி, கழுவி, சாயங்காலத்தில்தான் அமோனியாவை விட்டாள்.

தோமினிக் களைத்து வந்து செருப்பைக் கழற்றும்போது அவள் இரண்டு குழாய்களைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"ஈரல்ல சுத்தமா ஒண்ணுமில்லீங்க. போயிருச்சு. எலும்புல மட்டும் அப்படியே இருக்குது."

அவர் வாங்கிப் பார்த்தார். ஒன்று தண்ணீரைப் போலத் தெளிவாக இருந்தது. மற்றதன் அடியில் மஞ்சள்.

"நீயேவா செஞ்சே?"

"பின்ன யாரு செஞ்சா? சுண்ணாம்ப ரெண்டு தடவை கழுவினேன். எலும்பாச்சே" என்றாள். பிறகு, "ஏங்க, எலும்புக்கு இது வேற, சுண்ணாம்பு வேறன்னு தெரியாதா? ஏன் விடாம வச்சிருக்குது?" என்று கேட்டாள்.

தோமினிக் குழாயை வெளிச்சத்துப் பக்கம் திருப்பிக்கொண்டே வாசற்படியில் உட்கார்ந்தார். அவளும் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.